ஒரு மணி ரீடிங்

எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே எழுப்பியிருந்த சுவர் பெயருக்குத்தான் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். அந்தச் சுவருக்கு அப்பால், நான் வேன் ஓட்டுகிற லாண்டரியின் பாய்லர்காரர் குடியிருந்தார். விடிந்தும் விடியாத ஐந்து மணிக்கு அவர் முழங்கால் போட்டு ஜெபத்தை ஆரம்பித்தால் தெருக்கோடி நாய் எழுந்து உட்காரும். உலக சமாதானத்தில் தொடங்கி, விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கும் மகள், லாண்டரி மேனேஜரின் சர்க்கரை வியாதி, சபையில் யார் யாருக்கு மூட்டுவலி என்று ஒவ்வொன்றாக ஆண்டவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே வருவார். என் வேனின் பிரேக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. நான் எந்த ஆலயத்துக்கும் போகிறவனில்லை. தூக்கம் கெட்ட எரிச்சலில் அவருக்கு ‘எக்காளம்’ என்று பட்டப்பெயர் வைத்தேன். அது லாண்டரி முழுக்கப் பரவி, கடைசியில் அவர் காதுக்கும் போயிற்று. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், “வேதத்துல இருக்கிற பேருதானே தம்பி, இருக்கட்டும்” என்று சிரித்தார்.

அந்தச் சத்தம் நின்றுபோனது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நான்கு மாதம். ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு மட்டும் வந்துவிடும். அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கும், அவர் மனைவி இருமுவது கேட்கும். அவரும் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். பேச்சு மட்டும் இருக்காது. தொல்லை என்று நினைத்த ஒன்றுக்கும் மனசு ஏங்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கே அப்படியென்றால் அண்ணிக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நானும் அவரும் ஒரே லாண்டரியில் வேலை பார்த்தோம். மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி எங்களுக்கு வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் போடுகிற பச்சை அங்கி. நான் வேனில் கொண்டுவந்து இறக்குவேன். பிரிக்கிற அறையில் பிரித்து, துவைத்து, பிழிந்து, பெரிய பிரஸ்ஸுக்குக் கொடுத்தால் மறுபக்கம் விரிப்பு மொடமொடவென்று வந்து விழும். அதற்கெல்லாம் ஸ்டீம் வேண்டும். பின்கட்டில் இருக்கும் பாய்லரிலிருந்து ஸ்டீம் குழாய் வழியாக வரும். அந்தப் பாய்லருக்கு விறகு போட்டு, தண்ணீர் மட்டம் பார்த்து, மணிக்கு ஒரு தரம் ஸ்டீம் அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறதென்று நோட்டில் எழுதி வைப்பது அவர் வேலை. ரீடிங் நோட்டு என்போம். பதினெட்டு வருஷம் அதைச் செய்தார்.

மதியம் பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாட்டுக்காக ஸ்டீமை மூடுவார்கள். ஒரு மணிக்கு மறுபடி திறப்பார்கள். அதற்குள் குழாய் ஆறி, உள்ளே தண்ணீர் தேங்கிவிடும். திறப்பதற்குமுன் அங்கங்கே இருக்கும் சின்னத் திருகுகளைத் திறந்து அந்தத் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு பெரிய வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் ஸ்டீம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடி, குழாய்க்குள் யாரோ சம்மட்டி எடுத்து அடிப்பதுபோல் அடிக்கும். இதை எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டரைக்கு அடுத்த தெருவில் உபவாச ஜெபம். அதை நடத்துவதும் அவர்தான். அவர் ஜெபித்தால் கல்நெஞ்சுக்காரனும் அழுவான் என்று பேர். மேனேஜரிடம் கேட்டால் விடமாட்டார். அதனால் என்ன செய்தாரென்றால், பன்னிரண்டு இருபதுக்கே நோட்டை எடுத்து, வரக் கொஞ்சம் பிந்தினாலும் தெரியாதபடி ஒரு மணி ரீடிங்கையும் எழுதிவிட்டு, பின்வாசல் வழியாகப் போய் ஒரு மணிக்குள் வந்துவிடுவார். இரண்டு வருஷமாக இப்படி. யாருக்கும் தெரியாது. ஆண்டவர் வேலைக்குத்தானே போகிறோம், ஒரு வரிதானே, முள் அதே இடத்தில்தானே நிற்கப்போகிறது என்று நினைத்திருக்கிறார். நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவர்களுக்கு இப்படி ஒரு துணிச்சல் வந்துவிடும் போலிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் நீண்டுவிட்டது. ஒரு தாய் மகனுக்காக அழுதாளாம், பாதியில் எழுந்துவர இவருக்கு மனசு வரவில்லை. ஒன்று இருபதுக்கு ஓடிவந்தார். பிரஸ்ஸில் பெண்கள் ஈரத்துணியோடு நின்றிருந்தார்கள். மேனேஜர் மாடியிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். இவர் தண்ணீரை வடிக்காமல் பெரிய வால்வை முழுக்கத் திறந்துவிட்டார். குழாய் அடித்தது வாசலில் வேனுக்குள் இருந்த எனக்கே கேட்டது. இரண்டு அடி. மூன்றாவது அடியில் பிரஸ்ஸுக்கு வருகிற குழாயின் மூட்டு பிய்த்துக்கொண்டது. அங்கே நின்றது பிரஸ்ஸுக்கு விரிப்பு கொடுக்கிறவள், அவருடைய சபைக்காரி, எங்களுக்கெல்லாம் பிரஸ் அக்கா. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரைக்கும் வெந்துபோயிற்று.

இதுவரைக்கும் கைதவறியது என்று சொல்லலாம். அதற்குப் பிறகுதான் மனுஷன் விழுந்தார். மேனேஜர் இறங்கிவந்து, “ஒரு மணிக்கு நீ எங்கய்யா இருந்தே?” என்று கேட்டார். “இங்கதான் சார் தண்ணி வடிச்சுக்கிட்டு இருந்தேன். நோட்டைப் பாருங்க,” என்றார் இவர். நோட்டில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு மணி ரீடிங் இருந்தது. அப்படியானால் தப்பு யாருடையது? ஸ்டீம் வரத் தாமதமானதால் பிரஸ் அக்காதான் தன் பக்கத்து வால்வில் கைவைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தார்கள். சனிக்கிழமை மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டோடு கிடந்தவளிடம் அதைச் சொல்லிவிட்டும் வந்தார்.

அன்று சாயங்காலம் சபைக்காரர்கள் நான்கைந்து பேர் அவளைப் பார்க்கப் போனார்கள். இவரும் போனார். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமென்று போனாரோ, இருக்கமாட்டாமல் போனாரோ. வழக்கம்போல எல்லோரும் இவர் பக்கம் திரும்பி, “நீங்க ஜெபம் பண்ணுங்க” என்றார்கள். பண்ணினார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி பண்ணினார். செய்யாத தப்புக்குப் பேர் வாங்கிக்கொண்டு படுத்திருந்தவள் அதற்கு ஆமென் சொன்னாள்.

ஞாயிறு முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை மேனேஜர் மேஜைமுன் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் பார்த்த ஆளை வெளியே அனுப்ப மேனேஜருக்கு மனசு வரவில்லை. பாய்லரைவிட்டு எடுத்து, பிரிக்கிற அறையில் போட்டார். ஆஸ்பத்திரித் துணி எந்தக் கோலத்தில் வருமோ அந்தக் கோலத்தில் அதைக் கையில் எடுத்துப் பிரிக்கிற அறை. புதிதாக வருகிறவர்களே ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள். இவர் கையுறையை மாட்டிக்கொண்டு காலை ஏழிலிருந்து மாலை ஐந்துவரை தலைகுனிந்து நின்றார். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் போகவில்லை. அங்கே பெண்கள் பக்கம் ஜன்னலோரம் பிரஸ் அக்கா உட்கார்ந்திருப்பாள்.

அண்ணி வீட்டிலிருந்தபடியே லாண்டரிக்கு வேலை செய்தார். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுவது, அங்கிகளுக்கு அறுந்த நாடா தைப்பது. மூட்டையைக் கொண்டுபோய்ப் போடுவதும் தைத்ததை எடுத்துவருவதும் நான்தான். போகும்போதெல்லாம் டீ கிடைக்கும்.

“பாய்லர் போனா போகட்டும் தம்பி,” என்று ஒரு நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். “துணி பிரிக்கிறதும் வேலைதான். யாராவது பிரிச்சாத்தானே அது துவைக்கப் போகும். எனக்கு அதுல குறை இல்ல. அவரு வாயைத் திறந்து ஒரு ஜெபம், ஒரே ஒரு வரி சொல்லிட்டாப் போதும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தச் சத்தத்துலதான் நான் கண்ணு முழிச்சிருக்கேன். இப்பல்லாம் முழிச்சதும் இது யார் வீடுன்னு ஒரு நிமிஷம் குழம்பிப்போறேன்.”

“சாப்பிடும்போதாவது?”

“தட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. நான்தான் மனசுக்குள்ள சொல்லிட்டு, சாப்பிடுங்கன்னு சொல்வேன். எனக்குச் சத்தமா ஜெபிக்க வராது தம்பி. அவரு பண்ணுவாரு, நான் ஆமென் சொல்லுவேன். அப்படியே பழகிட்டேன்.”

சபையிலிருந்து ஆட்கள் வராமலில்லை. மழைக்காலம் பிறந்திருந்தது. குடையை வாசலில் சாய்த்துவிட்டு இரண்டிரண்டு பேராக வந்தார்கள். ஒவ்வொருவரும் இவரைவிடப் பெரிதாக விழுந்த ஒருவரின் கதையைக் கொண்டுவந்தார்கள். குடித்தவர், ஓடிப்போனவர், சிறைக்குப் போனவர், எல்லோரும் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர்கள் போனபிறகு அண்ணி டம்ளர்களைக் கழுவினார். நல்ல மனசோடு வந்தவர்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் வாங்கிக்கொள்கிற இடத்தில் அந்த மனுஷன் இல்லை.

ஒரு மாலை நான் மூட்டையோடு போனபோது மகளின் போன் வந்தது. அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். பிள்ளைக்கு நடந்தது எதையும் இவர்கள் சொல்லியிருக்கவில்லை.

“அம்மா, நாளைக்கு பிராக்டிகல். அப்பாகிட்ட குடு. ஜெபம் பண்ணச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்.”

அண்ணி அவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

“அப்பா குளிக்கிறாரு கண்ணு.”

“போன வாரமும் குளிச்சாரு, அதுக்கு முந்தின வாரமும் குளிச்சாரு. அப்பா என்ன தண்ணியிலயே இருக்கிற மீனா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. “நான் சொல்லிடறேன் கண்ணு, நீ படி,” என்று போனை வைத்தார்.

“என்னாலதான் நீயும் பொய் சொல்ல வேண்டியிருக்கு,” என்றார் அவர்.

“அப்ப நீங்க பேசியிருக்கலாமே. பிள்ளை கேட்டது ஒரு வார்த்தை.”

“வாயைத் திறந்தா அந்தக் கட்டில்தான் தெரியுது. பொய்யை நாக்குல வச்சுக்கிட்டு எவ்வளவு அழகா ஜெபிச்சேன் தெரியுமா? ஒரு இடத்துலகூடத் தடுமாறல. அதுக்கு முந்தி பண்ணினதெல்லாம் எப்படியிருந்ததுன்னே இப்ப எனக்குத் தெரியல.” சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். கைகால் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜெபம்தான் இல்லை, வேத வாசிப்பையாவது விடக்கூடாது என்று அண்ணிக்கு ஒரு பிடிவாதம். அந்த வீட்டில் சாயங்காலம் சாப்பாட்டுக்குமுன் ஒரு அதிகாரம் வாசிப்பது வழக்கம். முன்பு அவர் வாசிப்பார். இப்போது அண்ணி வாசித்தார். நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு. வரிக்கு அடியில் விரலை வைத்து, நீளமான பேர் வந்தால் படிக்கட்டு ஏறுவதுபோல் நின்று நின்று போவார். அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு அதிகாரம்கூடத் தாண்டாமல் வந்துகொண்டிருந்தார். சுவர் வழியாக எனக்கும் கேட்கும். சில நாள் மூட்டை தருகிற சாக்கில் நேரிலேயே உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரி, “எக்காளம் நின்னதும் உனக்கு பக்தி வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் அண்ணி ஒரு கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தார். சிறையிலிருந்து பவுல் என்ற அப்போஸ்தலர் தன் சீடனுக்கு எழுதியது. பேர்மேல் பேராக வந்தது. அண்ணிக்கு மூச்சு வாங்கிவிட்டது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கதையாகச் சொன்னார்.

“யார் யாரோ இவரை விட்டுட்டுப் போயிட்டாங்களாம் தம்பி. ஒருத்தர்தான் கூட இருக்காராம். மேல போட்டுக்கிற அங்கியை எங்கேயோ வச்சுட்டு வந்துட்டாரு, வரும்போது எடுத்துட்டு வான்னு எழுதுறாரு. குளிரு போல, பாவம். வரும்போது மாற்குவையும் கூட்டிட்டு வா, எனக்கு உதவியா இருப்பான்னு எழுதுறாரு.”

“அங்கியை மறந்ததையெல்லாமா வேதத்துல எழுதி வைப்பாங்க?” என்றேன்.

“எழுதியிருக்கே. அந்த மாற்கு, சுவிசேஷம் எழுதினவரா இருக்கணும். பெரிய ஆளு, அதான் தேடுறாரு.”

“பெரிய ஆளு இல்ல.”

சொன்னது அவர். ஜன்னலோரம் காயாத சட்டையை உதறிக்கொண்டிருந்தவர், கையில் சட்டையோடு அப்படியே நின்றார்.

“பாதியில விட்டுட்டுப் போனவன்,” என்றார். “பவுலும் பர்னபாவும் முதல் தடவை ஊழியத்துக்குக் கிளம்பும்போது இவனையும் கூட்டிட்டுப் போனாங்க. கப்பல்ல போய் இறங்கினாங்க. அங்கிருந்து போற பாதைதான் கஷ்டம். அங்க வந்ததும் இவன் திரும்பி ஊருக்குப் போயிட்டான்.”

“ஏன்?”

“ஏன்னு எழுதல. பயமோ, வீட்டு ஞாபகமோ. அடுத்த தடவை கிளம்பும்போது பர்னபா, இவனையும் கூட்டிட்டுப் போவோம்னாரு. பவுல் முடியவே முடியாதுன்னுட்டாரு. வேலையைப் பாதியில விட்டவன் எனக்கு வேணாம்னுட்டாரு. அதுல ரெண்டு பேருக்கும் சண்டை வந்து, ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சே போயிட்டாங்க.”

“அவ்வளவு பெரியவங்களா சண்டை போட்டாங்க?” அண்ணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“போட்டாங்க.”

“அப்ப வேணாம்னு சொன்ன அதே பவுலா இப்ப கூட்டிட்டு வான்னு எழுதுறாரு?”

அவர் சட்டையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். “அதே பவுல்தான்,” என்றார். நான்கு மாதத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“நடுவுல என்னங்க நடந்துச்சு?”

“எழுதல.”

“ஒண்ணுமே எழுதலையா?”

“இல்ல. பர்னபா கூட கப்பல் ஏறினான்னு இருக்கு. அப்புறம் என்ன செஞ்சான், எவ்வளவு அழுதான், பவுல்கிட்ட போய்ப் பேசினானா, ஒண்ணும் எழுதல.”

அண்ணி மடியிலிருந்த புத்தகத்தை மூடினார். “எழுத என்ன இருந்திருக்கும்? நம்மள மாதிரிதான் இருந்திருப்பாரு. காலையில எந்திரிச்சு, குடுத்த வேலையைச் செஞ்சுட்டு, சாயங்காலம் வந்து படுத்திருப்பாரு. ஆண்டவர் அதையும் பார்த்துக்கிட்டுதானே இருந்திருப்பாரு?”

அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஜெபிப்பார், இதோ இப்போது என்று காத்திருந்தது எனக்கே தெரிந்தது. நானும் டம்ளரைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன். அவர் உதடு அசைந்தது. பிறகு, “சாப்பிடலாம்,” என்றார்.

என் வாய் சும்மா இருக்காது. மறுநாள் மழையில் பிரஸ் அக்காவைப் பஸ் நிறுத்தம்வரை வேனில் கூட்டிப்போனபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதமாகியிருந்தது. கை ஆறியிருந்தது, தோல் மட்டும் வழவழவென்று வேறு நிறத்தில் இருந்தது. வைப்பரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

“பவுல் அப்படி எழுத எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமாடா வேன்காரா?”

“எனக்கெப்படிக்கா தெரியும்?”

“பத்து வருஷத்துக்கு மேலன்னு பாஸ்டர் சொல்லுவாரு. எனக்கு நாலு மாசம்தான் ஆகுது. என்னைப் பவுலைவிடப் பெரிய ஆளாக்காதே.”

“சபையில எழுந்து நின்னு மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்களாமே?”

“சொன்னேன். பாஸ்டர் கேட்டாரு, எல்லாரும் பார்த்தாங்க, சொன்னேன். வாய் சொல்லிடுச்சு. உள்ள இருக்கிறது இன்னும் எந்திரிக்கல.” கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “இதுக்காக இல்லடா. இது வேலையில வர்றது. மூணு நாள் நான்தான் தப்பு பண்ணினேன்னு நானே நம்பிட்டேன். வலி மாத்திரை மயக்கத்துல, வால்வைத் தொட்டேனோ தொடலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அந்த நேரத்துல பக்கத்துல நின்னு எனக்காக ஜெபம் பண்ணினான் பாரு. எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? அதான் தாங்க முடியல.”

பஸ் நிறுத்தம் வந்ததும் கதவைத் திறந்து மழையில் இறங்கிப் போனாள்.

பாய்லருக்கு வந்த புது ஆள் கெட்டவனில்லை, ஆனால் பொறுமை கிடையாது. தண்ணீரை ஒழுங்காக வடிக்கமாட்டான். ஈர ஸ்டீம் வந்தது, விரிப்பெல்லாம் நமுத்துப்போய் துருக்கறையோடு விழுந்தது. ஒரு ஆஸ்பத்திரி வேன் நிறையத் திருப்பி அனுப்பியது. ஏற்றினதை இறக்கி, இறக்கினதை ஏற்றி என் இடுப்பு போயிற்று. மேனேஜர் பிரஸ் பக்கம் வந்து, எல்லோர் முன்னாலும் பிரஸ் அக்காவைக் கேட்டார். “பழைய ஆளை மறுபடி போடட்டுமா? நீ சரின்னு சொன்னாத்தான். இல்லன்னா வேற ஆள் பார்க்கிறேன்.”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றாள் அக்கா.

ஒரு வாரம் யோசித்தாள். அந்த ஒரு வாரமும் நான் மூட்டையை இறக்கியதும் அண்ணி கேட்கிற முதல் கேள்வி, “ஏதாவது சொன்னாங்களா?” என்பதுதான். இல்லை என்றால், “இருக்கட்டும், அவங்களுக்கும் நேரம் வேணும்” என்பார். மறுநாளும் அதையே கேட்பார். அவர் எதையும் கேட்கவில்லை. பிரிக்கிற அறையில் விரிப்பு தனி, உறை தனி, அங்கி தனி என்று போட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறேமுக்கால் இருக்கும். நான் துணி இறக்கிக்கொண்டிருந்தேன். பிரஸ் அக்கா பிரிக்கிற அறை வாசலில் வந்து நின்றாள். யாரும் சும்மா எட்டிப்பார்க்கிற அறையல்ல அது. அவர் அவளைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டினார்.

“எனக்கு நல்ல ஸ்டீம் வேணும்,” என்றாள் அவள்.

“அக்கா...”

“ஈர விரிப்பை இழுத்து இழுத்து இந்தக் கை வலிக்குது. பாய்லருக்கு வா.”

“என்னை நம்பாதீங்கக்கா. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல.”

“நம்புறேன்னு யார் சொன்னா? நீ தண்ணி வடிக்கிறதை நான் பக்கத்துல நின்னு பார்க்கத்தான் போறேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீ உன் பொண்டாட்டிக்கு மாற்கு கதை சொன்னியாமே. இந்த ஓட்டைவாய் வேன்காரன் சொன்னான். வீட்டுக்குப் போய் அந்த இடத்தை எடுத்து நானும் பார்த்தேன். பவுல், அவன் நல்லவன்னு எழுதல. திருந்திட்டான்னு எழுதல. எனக்கு உதவுவான்னுதான் எழுதியிருக்காரு. அந்த அளவுக்கு என்னாலயும் முடியும். அதுக்கு மேல என்னைக் கேட்காதே. மிச்சத்தை ஆண்டவர் எனக்குள்ள செய்யட்டும்.”

அவர் கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, அவள் பின்னால் நடந்தார். நான் இறக்கிய மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

புது ஆள் விறகு போட்டு முள்ளை ஏற்றி வைத்திருந்தான். இவர் முதலில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்தார். பிறகு குழாய் நெடுக நடந்து, ஒவ்வொரு திருகாகத் திறந்தார். துருத்தண்ணீர் சளசளவென்று வாளியில் விழுந்தது. அது நின்று, வெறும் சொட்டாக மாறும்வரை ஒவ்வொன்றின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்திருந்தார். அக்கா கூடவே வந்தாள். கடைசித் திருகு முடிந்ததும் போய் பிரஸ்ஸில், அந்த மூட்டுக்குக் கீழே, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள். புது மூட்டுதான். ஆனாலும் மற்ற பெண்கள் நான்கடி தள்ளித்தான் நின்றார்கள்.

“அக்கா, தள்ளி நில்லுங்க,” என்றார் பெரிய வால்வின்மேல் கைவைத்தபடி.

“என் இடம் இதுதான்.”

“தயவுசெஞ்சு, திறக்கிற வரைக்கும்.”

“ஜெபம் பண்ணிட்டுத் திற. நான் இங்கதான் நிப்பேன்.”

மேனேஜர் மாடிப்படியில் பாதியில் நின்றார். துவைக்கிற மெஷின் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதையும் நிறுத்தினார்கள். அவர் கண்ணை மூடினார், திறந்தார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. இந்த மனுஷன் வாய் திறந்தால் அரை மணி நேரம் நிற்காது என்று கிண்டல் செய்தவன் நான். இப்போது எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது.

“ஆண்டவரே,” என்றார். அடுத்தது வரவில்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

“ஆண்டவரே, அன்னைக்கு ஒரு மணிக்கு நான் இங்க இல்ல.”

சட்டைக்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப இருக்கேன்.”

அவ்வளவுதான். அக்கா ஆமென் சொல்லவில்லை. “ம், திற,” என்றாள். அவர் வால்வைக் கால் சுற்றுத் திருகிவிட்டு நின்றார். குழாய் மெல்லச் சுட ஆரம்பித்தது. இன்னொரு கால் சுற்று. அடி இல்லை, அதிர்வு இல்லை. பிரஸ்ஸில் முள் எழுந்து நின்றதும் அக்கா முதல் விரிப்பை எடுத்து இரு கையாலும் விரித்துக் கொடுத்தாள். அவர் நோட்டைப் பிரித்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், ஏழு மணி ரீடிங்கை எழுதினார்.

எனக்கு அதற்குமேல் நிலைகொள்ளவில்லை. தைக்க வேண்டிய மூட்டையை அள்ளிப்போட்டுக்கொண்டு வேனை நேராக வீட்டுக்கு விட்டேன். அண்ணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வேனைவிட்டு இறங்குவதற்கு முன்பே, “ஏதாவது சொன்னாங்களா?” என்றார்.

“பாய்லருக்குக் கூப்பிட்டுட்டாங்க அண்ணி. ஸ்டீம் திறந்தாச்சு. அண்ணன் ஜெபம் பண்ணினாரு.”

அண்ணி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தார். அது ஏற்கனவே பிழிந்த துணி. “நான் அங்க இல்லாமப் போயிட்டேனே,” என்றார். அப்படியொரு ஏக்கத்தை நான் யார் குரலிலும் கேட்டதில்லை. “சத்தமாவா பண்ணினாரு?”

“இல்ல அண்ணி. பக்கத்துல இருந்தும் பாதிதான் கேட்டுச்சு. ரெண்டே வரி.”

“என்ன சொன்னாரு?”

சொன்னேன். அண்ணி துணியைக் கொடியில் போட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லு தம்பி. அவரு சொன்ன மாதிரியே சொல்லு,” என்றார்.

நான் எந்த ஆலயத்துக்கும் போகிறவனில்லை என்று அண்ணிக்குத் தெரியும். தெருவில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “ஆண்டவரே, அன்னைக்கு ஒரு மணிக்கு நான் இங்க இல்ல. இப்ப இருக்கேன்,” என்றேன்.

“ஆமென்,” என்றார் அண்ணி.